குரங்கும் குடியிருப்பும்

சிங்கப்பூரில் புக்கிட் தீமாக் காட்டை அடுத்துக் குடியிருப்புகள் பல உள்ளன. காட்டில் வாழும் நீள்வால் குரங்குகள் கனிகளைத் தின்று வித்துக்களைப் பரப்புவன. காடு தழைப்பதற்கு அவையும் ஒரு காரணம். ஆயின், இரக்கமுற்ற ஒருவர் சாளரத்தின் வழியே ரொட்டித் துண்டை நீட்டுகிறார். சுவைகண்ட குரங்கு மறுநாளும் வருகிறது. மனிதனிடம் அதற்கிருந்த அச்சம் அகல்கிறது. பின்னர்க் கொடாதவர் கையிலுள்ள பையையும் பறிக்கத் துணிகிறது. பிள்ளைகள் அஞ்சுகின்றனர், அண்டை வீட்டார் முறையிடுகின்றனர். அம்முறையீட்டால் பிடிபட்டுக் கொல்லப்பட்ட குரங்குகளும் உண்டு. உணவிட்டவரோ தம் இல்லத்தில் இனிதிருக்கிறார்! 2020 ஜூன் திங்களில் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டம், தீவு முழுவதும் காட்டுயிர்களுக்கு உணவிடுவதைத் தடுத்தது. புறாவும் அதனுள் அடங்கும். முதன்முறை தவறுபவருக்கு 5,000 வெள்ளி வரையிலும், மீண்டும் தவறுபவருக்கு 10,000 வெள்ளி வரையிலும் தண்டம் விதிக்கலாம்.