நாஞ்சில் நாட்டுப் புழங்குபொருள்களைக் கொண்டு குறுக்கெழுத்து அமைத்தல்

குறுக்கெழுத்துப் புதிருக்கு முதல் தேவை சொற்பட்டியல். நாஞ்சில் நாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. அடுக்களையில் சுளகு, சிரட்டை, அகப்பை, உருளி, உலக்கை. வயலில் நுகம், கலப்பை, கொழு. நெல் அளக்க நாழி, உழக்கு, மரக்கால். பனைவிளையில் கலயம், அருவாள், அக்கானி. கடற்கரையில் கட்டுமரம், வள்ளம், கரைமடி. இப்படி இடவாரியாக எழுதிக்கொண்டே போனால் மறந்துபோன பெயர்களும் தாமாக வந்து சேரும். 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு இணையும் வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிப் பரப்பில் இருந்தவை நாஞ்சில் நாட்டு ஊர்கள். அதனால் உருளி, பத்தாயம் போன்ற பெயர்கள் மலையாள வீடுகளிலும் புழங்குகின்றன. அந்தக் காரணத்துக்காக அவற்றைத் தள்ளுவது பெரும் இழப்பு. ஐயம் எழுந்தால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கைகொடுக்கும். எழுத்தாளர் நாஞ்சில் நாடனின் கதைகளில் இச்சொற்கள் பேச்சோடு பேச்சாகக் கிடைக்கும்.

அடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்தெண்ணிக்கை போட வேண்டும். புள்ளியெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. சிரட்டை நான்கு கட்டம், கட்டுமரம் ஆறு.

கட்டம் நிரப்பும்போதுதான் பலரும் திணறுகிறார்கள். தமிழில் எந்தச் சொல்லும் மெய்யில் தொடங்காது. உயிரெழுத்து பெரும்பாலும் சொல்லின் முதலில் மட்டுமே நிற்கும். ஆகவே உயிரெழுத்து விழும் கட்டம் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் இரண்டுக்கும் தொடக்கமாக அமைவதே நல்லது. ‘ம்’ போன்ற ஈற்றெழுத்து இரண்டு சொற்களுக்கும் முடிவாக அமைந்தால் வேலை எளிது. உயிரை இடப்பக்க மேல்மூலையை ஒட்டியும், மெய்யை வலப்பக்கக் கீழ்மூலையிலும் வைத்துத் தொடங்கினால் பாதி சிக்கல் தீரும். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஒரு மாதிரி:

■ உ ழ க் கு
■ ரு ■ ■ ட்
உ ளி ■ ■ டு
■ ■ ■ ■ வ
ப த் தா ய ம்

உழக்கும் உருளியும் ஒரே ‘உ’வில் தொடங்குகின்றன. உழக்கு முடியும் ‘கு’வில் குட்டுவம் கீழிறங்குகிறது. குட்டுவமும் பத்தாயமும் ஒரே ‘ம்’மில் முடிகின்றன. உருளியின் ‘ளி’யைப் பற்றிக்கொண்டு தச்சரின் உளியும் உள்ளே வந்துவிடுகிறது. கறுப்புக் கட்டம் பத்து. தொடக்கக்காரர் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

வழக்கு வேறுபாடு இன்னொரு கண்ணி. அரிவாள், அருவாள் இரண்டிலும் நான்கு எழுத்துத்தான். ஆனால் இரண்டாம் எழுத்து மாறுகிறது. சுளகைச் சொளவு என்பாரும் உண்டு. அங்கே ‘ள’ மட்டுமே மாறாமல் நிற்கிறது. இத்தகைய சொற்களை மாறாத எழுத்தில்தான் மற்றச் சொல்லோடு வெட்ட வேண்டும். எந்த வடிவம் விடை என்பதையும் முதலிலேயே தீர்மானித்து, புதிர் முழுக்க அதே முறையைப் பின்பற்றுவது நியாயம்.

பிறகு குறிப்பு எழுதும் வேலை. ‘நெல் புடைப்பது (3)’ என்று எழுதினால் முறம் என்பவரும் சரி, சுளகு என்பவரும் சரி. ‘முறத்துக்குத் தெற்கத்திப் பெயர் (3)’ என்றால் குழப்பமில்லை. வேற்றூர்ப் பெயரையே குறிப்பாக்குவது நாஞ்சில் சொற்களுக்கு மிகப் பொருந்தும் உத்தி: ‘சென்னையில் கொட்டாங்குச்சி, நாகர்கோவிலில்? (4)’, ‘பதநீர், குமரிக்காரர் வாயில் (4)’. அளவைகளுக்குக் கணக்கே குறிப்பாகும்: ‘நான்கு சேர்ந்தால் ஒரு நாழி (4)’ என்பது உழக்கு. பொருளைக் கண்டிராத இளையவருக்காகப் பயனையும் வடிவையும் சொல்லலாம்: பத்தாயத்துக்கு ‘வீட்டுக்குள் நெல் காக்கும் மரப்பெட்டி (5)’, குட்டுவத்துக்கு ‘நெல் அவிக்கும் பெரிய பாத்திரம் (5)’.

கடைசியாக எண்ணிடல். மேல்வரிசையிலிருந்து இடம் வலமாகச் சென்று, சொல் தொடங்கும் கட்டங்களுக்கு மட்டும் வரிசையெண் தர வேண்டும். மேலே உள்ள மாதிரியில் முதல் ‘உ’ 1, ‘கு’ 2, உளியின் ‘உ’ 3, ‘ப’ 4. எண் 1 இரு திசைக்கும் பொது. வெற்றுக் கட்டத்தை ஊர்ப் பெரியவர் ஒருவரிடமும், வெளியூரில் வளர்ந்த ஒருவரிடமும் கொடுத்துப் பார்ப்பது அவசியம். பெரியவர் வேறு சொல்லை எழுதினால் குறிப்பு தளர்வானது. வெளியூர்க்காரர் ஒரு சொல்லில் நின்றுவிட்டால், அதை வெட்டும் சொல்லின் குறிப்பை எளிதாக்கி இன்னோர் எழுத்துக் கிடைக்கச் செய்ய வேண்டும்.