இனிஷியல் தின்ற இரண்டு வருடம்

2019 ஜனவரி 30-ஆம் தேதி ராத்திரி எனக்குக் கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற குடியேற்ற வரிசையில் அன்றைக்குக் கட்-ஆஃப் 438 மதிப்பெண். என் கையில் 444. ஐந்து நாள் கழித்து, அண்ணா சாலையில் ஒரு ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, ‘இந்த அழைப்பு வேண்டாம்’ என்கிற பொத்தானை நானேதான் அழுத்தினேன். பக்கத்தில் இருந்தவர் “குட் டெசிஷன் சார்” என்றார். அவருக்கு நாற்பதாயிரம் கொடுத்திருந்தேன். இன்னொரு நாற்பதாயிரம் பாக்கி இருந்தது.

இதைப் படிக்கிற நீங்களும் என்னை மாதிரிதான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பி.இ. முடித்து ஐ.டி. வேலை, முப்பதைத் தொடப்போகிற வயது, கல்யாணம் ஆகவில்லை, டொரண்டோ பக்கம் ஓர் அக்காவோ அண்ணனோ, பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல். கடைசியில் சொன்னதுதான் விஷயமே.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு. அந்த ஓர் எழுத்தை நம் ஊரில் ஒவ்வோர் அலுவலகமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால். ஆதாரில் பின்னால். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக வந்து என் பெயருக்குப் பின்னால் நின்றது. முதல் கம்பெனி கொடுத்த அனுபவக் கடிதத்தில் இனிஷியலே இல்லை. பாஸ்போர்ட்டில் என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ‘கிவன் நேம்’ கட்டத்தில் இருந்தன. ‘சர்நேம்’ கட்டம் காலி. கல்லூரி மூன்றாம் வருஷத்தில் எடுத்த பாஸ்போர்ட் அது. அந்த விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுத்த பிரவுசிங் சென்டர் அண்ணன் “சர்நேமெல்லாம் வடக்கத்தியானுக்குத் தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி ப்ரொஃபைலை நானே போட்டேன். பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லாதவர்கள், இருக்கிற பெயர் முழுவதையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விட வேண்டும் என்று கனடாக் குடிவரவுத் துறையின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. படித்தேன், அப்படியே செய்தேன். அதுவரைக்கும் எனக்குப் புத்தி நன்றாகத்தான் இருந்தது.

அழைப்பு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. 60 நாளில் எல்லாக் காகிதத்தையும் ஏற்ற வேண்டும். இதை யாராவது விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிடலாமே என்று அந்த அண்ணா சாலை ஆலோசகரிடம் போனேன். அவர் என் பாஸ்போர்ட்டைத் திறந்தார். காலிக் கட்டத்தின் மேல் பேனா மூடியால் இரண்டு தட்டு தட்டினார்.

“இது ரிஜெக்ட் ஆகும் சார்.”

“கனடா சைட்ல இப்படிப் போடலாம்னு இருக்கே?”

“சைட்ல ஆயிரம் இருக்கும். ஃபைலைப் பார்க்கிற ஆபீசர் வேற.”

அவர் திட்டம் இது. முதலில் பாஸ்போர்ட்டைத் திருத்தி அப்பா பெயரைச் சர்நேம் ஆக்குவது. அப்புறம் மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஒத்துப்போக மாற்றுவது. இதற்கு 60 நாள் பத்தாது. அதனால் இந்த அழைப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புதுப் பெயரோடு மறுபடி வரிசையில் நிற்பது. கட்-ஆஃப் எப்படியும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஜனவரியில் மூன்று சுற்று: 449, 443, 438. ஒரு காகிதத்தில் கீழ்நோக்கி அம்புக்குறி போட்டுக் காட்டினார். பங்குச் சந்தையில் பணத்தை விட்டவன் கூட அந்த அம்புக்குறியை நம்பியிருக்க மாட்டான். நான் நம்பினேன்.

அன்று ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் ஸ்கார்பரோவில் இருக்கிறாள். “ஏலே, எனக்கும் இதே கூத்துதான். ஒரு லெட்டர் எழுதி வச்சேன், முடிஞ்சுது. பேசாம அனுப்பு” என்றாள். “நீ வந்தது 2012-ல. இப்ப ரூல்ஸ் எல்லாம் மாறிப்போச்சு” என்று அவளுக்கே பாடம் எடுத்தேன். அத்தான் போனை வாங்கி ஏதோ சொல்ல வந்தார். சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன். சார்ஜ் இருந்தது.

பிப்ரவரி 20-ஆம் தேதி அடுத்த சுற்று வந்தது. கட்-ஆஃப் 457. மூன்று வாரம் சுற்று நடக்காவிட்டால் அதற்குள் அதிக மதிப்பெண்காரர்கள் வரிசையில் சேர்ந்துகொண்டே போவார்கள், கட்-ஆஃப் ஏறும். இந்தச் சின்னக் கணக்கு அம்புக்குறி போட்டவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மார்ச்சில் எனக்கு முப்பது வயது. தனி ஆளாக விண்ணப்பிக்கிறவருக்கு 29 வரை வயதுக்கு 110 மதிப்பெண்; முப்பதில் 105. 444 இப்போது 439 ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க ஒரு பொதுச் சுற்று கூட 440-க்கு இறங்கவில்லை. டிசம்பரில் 470 பக்கம் போய் நின்றது. நான் வேண்டாம் என்று சொன்ன 438-தான் அந்த வருஷத்துப் பொதுச் சுற்றுகளிலேயே குறைவு.

பாஸ்போர்ட்டை மாற்றினேனா? மாற்றினேன். சாலிகிராமம் சேவா மையத்தில் டோக்கன் வாங்கி, மூன்று கவுன்ட்டர் தாண்டி, போலீஸ் விசாரணை முடிந்து, புதுப் பாஸ்போர்ட் வந்தது. சர்நேம் கட்டத்தில் அப்பா. பிரித்துப் பார்த்த அன்றைக்குத்தான் உறைத்தது. பழைய பாஸ்போர்ட்டும் ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் தாளும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன, ஏனென்றால் பரீட்சைக்குப் பதிந்ததே அந்தப் பாஸ்போர்ட்டை வைத்துத்தான். டபிள்யூ.இ.எஸ். கொடுத்த கல்வி மதிப்பீடும் அப்படியே. புதுப் பாஸ்போர்ட் இந்த இரண்டோடும் ஒட்டவில்லை. ஒன்றைச் சரிசெய்யப் போய், சரியாக இருந்த இரண்டைக் கெடுத்துக்கொண்டேன். பிளாஸ்திரி ஒட்டுவதற்காகக் கையைக் கிழித்துக்கொண்ட மாதிரி.

இதற்கெல்லாம் மருந்து என்ன தெரியுமா? பாரிமுனையில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு டைப்பிஸ்ட் இருக்கிறார். 20 ரூபாய் முத்திரைத்தாளில், என் பெயர் எந்தெந்த ஆவணத்தில் எப்படி எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எண் போட்டு அடித்தார். ஏழு வடிவம் வந்தது. ஏழாவதை அடிக்கும்போது நிமிர்ந்து பார்த்து, “இவ்வளவு பேரு முருகனுக்குத்தான் சார் இருக்கும்” என்றார். கடைசி வரியில் ‘மேற்கண்ட பெயர்கள் யாவும் என் ஒருவனையே குறிக்கும்’. நோட்டரி முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது ரூபாய். அதோடு ஒரு பக்கத்துக்கு விளக்கக் கடிதம்: தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, முன்னெழுத்து தந்தையின் பெயர், அது பின்னாலும் வரும், விரிந்தும் வரும். இன்னொன்று, விண்ணப்பத்தில் ‘வேறு பெயர் ஏதேனும் பயன்படுத்தியதுண்டா’ என்று ஒரு கேள்வி உண்டு. என் ஆலோசகர் அதில் ‘இல்லை’ போடச் சொன்னார். போடாதீர்கள். ‘ஆம்’ போட்டு எல்லா வடிவத்தையும் எழுதுங்கள். தவறான தகவல் என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டால் ஐந்து வருஷம் அந்தப் பக்கம் விண்ணப்பிக்கவே முடியாது.

இந்த அஃபிடவிட்டும் கடிதமும் 2019 பிப்ரவரி முதல் வாரத்திலேயே, ஒரே நாளில், கைக்கு வந்திருக்கும். இன்றைக்கும் தூக்கம் வராத ராத்திரிகளில் நான் நினைத்துக்கொள்வது இதைத்தான்.

மறுபடி எப்படி ஏறி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் ஒரு வருஷ முதுநிலை டிப்ளமோ முடித்திருந்தேன். “கரஸ்பாண்டன்ஸ் எல்லாம் கணக்கில் வராது” என்று அதே பேனா மூடி ஆசாமி ஒதுக்கிவிட்டார். அவரிடம் இனி வரமாட்டேன் என்று சொன்ன பிறகு, நானே பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறிப்போய், மதிப்பெண் பட்டியலை அவர்கள் கையாலேயே சீலிட்ட உறையில் போட்டு அனுப்ப வைத்தேன். டபிள்யூ.இ.எஸ். ஏற்றுக்கொண்டது. ஒரு பட்டம் இரண்டு தகுதி ஆனதில் கல்விக்கு எட்டு மதிப்பெண். கல்வியும் ஆங்கிலமும் சேர்ந்து தரும் கூட்டு மதிப்பெண் 25-லிருந்து 50. மொத்தம் 33 ஏறி, 439 என்பது 472 ஆயிற்று. 2020 பிப்ரவரி 19-ஆம் தேதிச் சுற்றில் கட்-ஆஃப் 470. இரண்டு மதிப்பெண்ணில் உள்ளே நுழைந்தேன். எந்தப் படிப்பையும் அற்பம் என்று ஒதுக்காதீர்கள். அதுவும் பிறர் சொல்லி ஒதுக்காதீர்கள்.

மற்ற வேலைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. போலீஸ் சான்றிதழ், மெடிக்கல், கைரேகை. வங்கியில் பணம் காட்ட வேண்டும், அந்த வருஷம் தனி ஆளுக்கு 12,960 கனடிய டாலர். ஆறு மாதச் சராசரியும் கேட்பார்கள் என்பதால் கடைசி வாரத்தில் மாமாவிடம் கைமாற்று வாங்கிப் போடுவது உதவாது. அனுபவக் கடிதத்தில் செய்த வேலைகளின் விவரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் மூன்றும் இருக்க வேண்டும். எச்.ஆர். தரமாட்டார்கள். மேனேஜரிடம் கேளுங்கள்.

அக்காவை வைத்து வருகிற 15 மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். உடன்பிறந்தவர் கனடாவில் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ வசித்தால் அந்த 15 உண்டு. இருவருக்கும் ஒரே பெற்றோர் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. ஆண் குழந்தை, எடை, தேதி, அப்பா, அம்மா எல்லாம் இருக்கிறது. நான் மட்டும் இல்லை. எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் சான்றிதழ் இப்படித்தான் இருக்கும், போய்ப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பதிவார்கள். பெயர் வைக்கிற நாளுக்குள் ஊருக்குப் போய்விடுவோம். திரும்பிப் போய்ச் சேர்க்க யாருக்கும் தோன்றாது. பதினைந்து வருஷத்துக்குள் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். பழைய பிறப்புகளுக்கு அரசு அவகாசம் நீட்டித்துக்கொண்டே வந்ததால் நான் தப்பித்தேன். கோவில்பட்டிப் பக்கத்து நகராட்சி ஒன்றில், தடிமனான பதிவேட்டில், கிளார்க் அந்தக் கோட்டின் மேலேயே என் பெயரை எழுதினார். “இனிஷியல் வேணுமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கூட வந்திருந்த அப்பா “வேண்டாம்” என்றார்.

இதிலும் ஒரு முள். அக்கா சான்றிதழில் அம்மா பெயர் ‘அம்மாள்’ என்று முடியும். என்னுடையதில் அந்த ‘அம்மாள்’ இல்லை. இங்கே நான் எதையும் திருத்தப் போகவில்லை. சூடு பட்டிருந்தேன். நாங்கள் இருவரும் இருக்கிற பழைய ரேஷன் கார்டு, அக்காவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், அம்மாவின் ஓர் அஃபிடவிட், அக்கா அங்கே குடியிருப்பதற்கான வரி ஆவணம் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றினேன். ஒரு கேள்வியும் வரவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கசந்து எழுத மாட்டேன். 2020 மார்ச்சில் உலகமே கதவைச் சாத்தியது. கைரேகை மையம் மூடல், மெடிக்கல் காலாவதி, மறுபடி மெடிக்கல், இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களுக்குத் தடை. நடுவில் 2021 பிப்ரவரி 13-ஆம் தேதி, கனடாவுக்குள் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சுற்று விட்டார்கள். கட்-ஆஃப் 75. எழுத்துப் பிழை இல்லை, எழுபத்தைந்துதான். 27,332 பேரை அழைத்தார்கள். அத்தான் அந்தச் செய்தியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, உடனே அழித்தும் விட்டார். நான் அதற்குள் பார்த்துவிட்டேன். 2021 நவம்பரில்தான் டொரண்டோவில் இறங்கினேன். முதல் அழைப்பை விட்டிருக்காவிட்டால் 2019 தீபாவளிக்கே அக்கா வீட்டில் இருந்திருப்பேன்.

ஆலோசகரே கூடாது என்று சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பம் பார்க்கிறவர் அங்கே உரிமம் பெற்றவராகவோ வக்கீலாகவோ இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணை யாரும் ஆன்லைனில் சரிபார்க்கலாம். ‘பிரதிநிதி நியமனம்’ படிவம், 5476, அதில் அவர் பெயர் போட்டுக் கையெழுத்துப் போடுவாரா என்றும் கேளுங்கள். என்னுடையவர் “அதெல்லாம் போட்டா ஃபைல் லேட் ஆகும் சார்” என்றார். அந்த ஒரு பதிலிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

இங்கே டொரண்டோவில் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் இரண்டு மாதம், அப்பாதான் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அவரிடம் சொன்னபோது, “நல்லாக் கூப்பிடட்டுமே” என்றார், குரலில் ஒரு பெருமையோடு.

இறங்கி மூன்றாவது வாரம் சென்னை நண்பன் ஒருவன் ஒரு படம் அனுப்பினான். அந்த ஏ.சி. அறைக்காரர்கள் தங்கள் பேஸ்புக் பக்கத்தில் ‘எங்கள் வெற்றியாளர்கள்’ என்று போட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு முகங்கள், ஓரத்தில் மேப்பிள் இலை. நடுவில் நான், அவர்களிடம் விட்டுவந்த ஃபைலில் இருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கீழே என் பெயர். முன்னால் இனிஷியல்.