நாவலாசிரியையின் வீடும் நூலின் பயணமும்

1938ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் நாகூரைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் நாவல் வெளிவந்தது. அதன் பெயர் 'காதலா? கடமையா?'. எழுதியவர் சித்தி ஜுனைதா பேகம். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். பன்னிரண்டு வயதில் திருமணம் முடிந்து, இளவயதிலேயே கணவரை இழந்தவர். பெண் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த அந்தக் காலத்தில், காதல் என்ற சொல்லும் ஒரு முஸ்லிம் பெண்ணின் முழுப் பெயரும் ஒரே நூலின் முகப்பில் சேர்ந்து நின்றன.

ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகிய 'அசன்பேயுடைய கதை'யை 1885இல் எழுதியவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெவ்வை என்பது எங்கள் உயர்தர வகுப்பு மாணவியருக்குத் தெரியும். ஆண்டைக் கேட்டால் உடனே சொல்வார்கள். அதற்கு 53 ஆண்டுகள் கழித்துக் கடலுக்கு அக்கரையில் ஒரு முஸ்லிம் பெண் நாவல் எழுதினார் என்று நான் சொன்னால், "வீட்டில் விட்டார்களா டீச்சர்?" என்பதுதான் முதற் கேள்வியாக வரும். நாவலின் கதை என்ன என்று கேட்பது அதற்குப் பிறகு. முன்பெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பேன். இப்போது சிரிப்பதில்லை. ஓர் எழுத்தாளரின் நூல் வாசகரிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று ஆராய்ந்தால், பெண் எழுத்தாளர் விடயத்தில் அந்த ஆராய்ச்சி அச்சகத்திலோ புத்தகக் கடையிலோ தொடங்குவதில்லை. அவருடைய வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது.

சித்தி ஜுனைதாவின் நாவலுக்கு மதிப்புரை வழங்கியவர் உ.வே. சாமிநாதையர். சங்க நூல்களையும் காப்பியங்களையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அந்தப் பெரியவருக்கு அப்போது எண்பதைத் தாண்டிய வயது. அவர் ஓர் இளம் பெண்ணின் முதல் நாவலை வாசித்துப் பாராட்டி எழுதினார். இன்றைக்கு ஒரு நூலை வெளியிடுவோர் சுவரொட்டி, பத்திரிகை விளம்பரம், முகநூல் என்று என்னென்னவோ செய்கிறார்கள். அன்று ஒரு நூலுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்க முடியாது.

இங்கே இலக்கண வகுப்பை ஒரு நிமிடம் நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். பாயிரம் இல்லாதது நூலே அன்று என்கிறது நன்னூல். சிறப்புப் பாயிரம் எழுதத் தகுதியுடையவர்கள் யார் என்றும் அது வரையறுக்கிறது: நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு கூடப் படித்தவன், அவனுடைய மாணாக்கன், அந்நூலுக்கு உரை செய்பவன் என்று நால்வர். எவ்வளவு பெரிய புலவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஆனால் பவணந்தி முனிவர் உலகம் அறிந்தவர். தற்புகழ்ச்சிக்கு நான்கு இடங்களில் விலக்கும் கொடுத்திருக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே இருக்கும்போது, சபையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில், எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போது என்பனவே அந்நான்கும்.

இந்தச் சூத்திரத்தைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுண்டு. நாவல் எழுதுகிற பெண்ணுக்கு இரண்டாவது விலக்கும் நான்காவது விலக்கும் ஆயுள் முழுவதும் பொருந்தும். அவளுடைய ஆற்றலை அறியாதவர் நடுவில்தான் பெரும்பாலும் அவள் இருக்கிறாள். பழிப்பதற்கும் ஆள் குறைவில்லை.

கல்லூரிச் சஞ்சிகைக்கு ஒவ்வோர் ஆண்டும் வருகிற சிறுகதைகளில் நல்லவை பல பெயரில்லாமலேயே வருகின்றன. சென்ற முறை ஒரு மாணவி எழுதிய கதை இறப்பர்த் தோட்டமொன்றில் நடக்கிறது. விடியற்காலையில் பால்வெட்டப் போகும் தாய், மழை பெய்தால் அன்றைய பேரும் போய்விடுமே என்ற கவலை, அந்த வீட்டு மகளுக்கு வந்த கல்யாணப் பேச்சு, அவள் மனத்திலுள்ள இன்னொருவன். தேங்காய்ச் சிரட்டையில் பால் வழிவதை அவ்வளவு நுணுக்கமாக எழுதியிருந்தாள். அழைத்துப் பாராட்டினேன். "கதையைப் போடுங்க டீச்சர், பேரை மட்டும் போட வேண்டாம். வாப்பா பார்த்தா என்னைப் பற்றின கதை என்றே நினைப்பார்" என்றாள். பெற்றோர் கூட்டத்தில் ஓர் உம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: "காதல் கதை எழுதுற பிள்ளைக்குப் படிப்பில் மனசு நிற்குமா?" இரண்டு பயமும் உண்மையானவை. அதனால் பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அந்தப் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது வை.மு. கோதைநாயகி அம்மாளின் வீட்டுக் கதை. 1901இல் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தவர். ஐந்தரை வயதில் அவருக்குத் திருமணம் செய்துவைத்தார்கள். பள்ளிக்கூடமே போகாதவர். கதை சொல்வதில் மட்டும் வல்லவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு தானே கற்பனை செய்து சொல்வாராம். கணவர் பார்த்தசாரதி மனைவியின் இந்த ஆற்றலைக் கண்டு மகிழ்ந்தவர். அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றவர். அந்த ஆர்வத்தில் மனத்துக்குள் ஒரு நாடகம் உருவாயிற்று. ஆனால் அதை எழுத அவருக்குக் கைவரவில்லை. தோழி பட்டம்மாள் உட்கார்ந்து எழுத, இவர் வாயால் சொல்லச் சொல்லப் பிறந்ததுதான் 'இந்திர மோகனா'. 1924இல் அது அச்சேறியது. பிறகு அதே தோழியிடமே எழுதவும் கற்றுக்கொண்டார்.

மாணவியர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கதை ஒருவருடையது, கை இன்னொருவருடையது. பட்டம்மாள் தன் வீட்டு வேலைக்கு நடுவே எத்தனை பிற்பகல்களை அதற்குக் கொடுத்திருப்பார்! இலக்கிய வரலாற்றில் அவருக்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லை. என்னைக் கேட்டால், அந்த ஒரு வரியை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

நூலைப் பரப்பும் வழியையும் கோதைநாயகி வீட்டிலிருந்தபடியே கண்டுபிடித்தார். 'ஜகன்மோகினி' என்ற மாத இதழ் நின்றுபோய்க் கிடந்தது. 1925இல் அதை வாங்கித் தாமே ஆசிரியராகி நடத்தினார். 'வைதேகி' முதலாகத் தம்முடைய நாவல்களைத் தொடராக வெளியிட்டார். இதன் சூட்சுமத்தை விளங்கிக்கொள்ள வணிகக்கல்வி படித்திருக்கத் தேவையில்லை. நாவலைப் புத்தகமாக அச்சிட்டுவிட்டு வாசகரைத் தேடி அலைவது ஒரு வழி. மாதாமாதம் ஓர் அத்தியாயமாக வாசகரின் வீட்டுக்கு அனுப்பி, அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று அவர்களை ஏங்க வைத்து, கதை முடிந்தபின் நூலாக்குவது மற்றொரு வழி. இரண்டாவதில், நூல் வெளிவரும் முன்பே வாசகர் இருக்கிறார்கள். வாசித்தவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்த பெண்கள். கடைக்குப் போய்ப் புத்தகம் வாங்க முடியாதவளுக்குத் தபாற்காரன் கொண்டுவந்து கொடுத்தான்.

இந்த இதழை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடத்தினார். 1930களின் தொடக்கத்தில் சுதந்திரப் போராட்டத்தில் கலந்துகொண்டு சிறை சென்றபோதும் அங்கேயே இருந்து எழுதினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குடும்பம் சென்னையை விட்டுக் கிராமத்துக்குப் போனபோதும் இதழை விடவில்லை. எழுதிய நாவல்கள் 115. இவ்வளவுக்கும் பின்னால் இருந்தது ஒரு வீடு என்பதற்குச் சோகமான சான்று ஒன்றுண்டு. 1956இல் அவருடைய ஒரே மகன் இறந்தார். அந்த வீடு உடைந்தது, ஜகன்மோகினியும் நின்றது. 1960இல் அவரும் மறைந்தார். 115 நாவல்களும் ஒரே தரத்தன என்று நான் சொல்ல மாட்டேன். பல கதைகளில் தற்செயல் நிகழ்ச்சிகள் மலிந்திருக்கும், போதனையும் சற்று அதிகம். ஆனால் வீட்டுப் பெண்களை மாதந்தோறும் வாசிக்கப் பழக்கியதில் அவருக்கு ஈடாக அக்காலத்தில் பலரைச் சொல்ல முடியாது.

சென்னைக்குத் தபால் போனது. சப்ரகமுவத் தோட்டங்களுக்கு எப்படிப் போனது? லயத்துக்குப் புத்தகக் கடை கிடையாது. ஒரு காலத்தில் வெளியாள் ஒருவர் தோட்டத்துக்குள் நுழைவதே குற்றம். கோ. நடேசையர் புடைவை வியாபாரி போல வேடமிட்டுத்தான் தோட்டங்களுக்குள் போய் நிலைமையை அறிந்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் வேறொரு வழியைக் கையாண்டார். தொழிலாளரின் துன்பங்களை எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டுகளில் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். 1940இல் அவை நூலாகவும் வந்தன. வாசிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த நூல் போய்ச் சேர்ந்தது, ஏனென்றால் அது காதால் வந்தது. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து எழுத்தைச் சுமந்து போன குடும்பம் அது. காதல் கதை அல்லவே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் எங்கள் மலைகளில் ஒரு பெண்ணின் எழுத்து எப்படிப் பரவியது என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அக்காலத்தில் வீரகேசரி பிரசுரமாக ஈழத்து நாவல்கள் வரிசையாக வெளிவந்தன. திருகோணமலையைச் சேர்ந்த ஆசிரியை ந. பாலேஸ்வரியின் 'பூஜைக்கு வந்த மலர்' அவற்றுள் ஒன்று. காதலும் குடும்பமும் கலந்த கதைகளை எழுதியவர் அவர். பத்திரிகை போகிற ஊருக்கெல்லாம் அதன் பின்னே நாவலும் போகலாம் என்ற நிலை வந்தது.

என் வாப்பாவுக்கு இறக்குவானைப் பக்கத்தில் தோட்டத்தை அண்டி ஒரு சில்லறைக் கடை இருந்தது. சீனியும் பருப்பும் சுற்றிக் கொடுக்கப் பழைய சஞ்சிகைகளை நிறைகணக்கில் வாங்குவார். தொடர்கதைகளின் நடு அத்தியாயங்களை மட்டும் நான் வாசித்தது அப்படித்தான். தொடக்கமும் முடிவும் யாரோ வீட்டுச் சீனிச் சுருளாகப் போயிருக்கும். கொழுந்து மலையிலிருந்து வருகிற அக்காமார் சிலர் சாமானோடு சுற்றி வந்த தாளை எறியாமல் மடித்துக் கொண்டு போவார்கள். அடுத்த கிழமை வந்து, "தம்பி முதலாளி, அந்தப் புள்ளையைக் கட்டிக்கிட்டானா இல்லையா?" என்று வாப்பாவிடம் கேட்பார்கள். அவருக்கு என்ன தெரியும்! உள்ளே என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். நான் மிச்சக் கதையை நானாகவே கட்டிச் சொல்வேன்.

இப்போது நிலைமை வேறு. இரத்தினபுரி, கேகாலை பஸ் நிலையக் கடைகளில் மாத நாவல்கள் தொங்குகின்றன. ரமணிசந்திரனின் பெயரைத் தெரியாத மாணவி வகுப்பில் இல்லை. உள்நாட்டில் ஒரு பெண் நூல் வெளியிடுவதாயின் செலவு பெரும்பாலும் அவளுடைய குடும்பத்தின் தலையில்தான். கொழும்பு விழாக்களில் முதற்பிரதி என்றாலே புரவலர் ஹாசிம் உமரின் பெயர்தான் நினைவுக்கு வரும். அத்தகைய ஆதரவு கிடைப்பது பெரும் பாக்கியம். மற்றவர்களுக்கு மூத்த சகோதரனின் சீட்டுப் பணம், உம்மாவின் காப்பு. நான் போன வெளியீட்டு விழாக்களில் மேடையில் அரைமணி நேரம் பேசியவர்களில் பலர் நூலை முழுதாக வாசித்திருக்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. மண்டபத்தின் கடைசியில் நூல்கட்டுகளை அவிழ்த்துக்கொண்டும், மேசையில் சில்லறை மாற்றிக் கொடுத்துக்கொண்டும், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டும் நின்றவர் நூலாசிரியையின் கணவராக இருப்பார். நூலை முதலில் வாசித்தவரும் சில வேளை அவரே.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகள் எழுதிய கதையில் காதல் இருந்தால், அது அவளுடைய நாட்குறிப்பு என்று எண்ண வேண்டாம். கதாபாத்திரம் வேறு, கதாசிரியை வேறு என்பது இலக்கியத்தின் அரிச்சுவடி. கதையை முழுதாக வாசியுங்கள். பிடிக்காவிட்டால் எந்த இடம் பிடிக்கவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். அவளோடு வாதாடுங்கள். வாசிக்காமலே கொப்பியைக் கிழிப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

மாணவியருக்கு இம்முறை ஒப்படை இதுதான். அடுத்த சஞ்சிகைக்குக் கதை தருபவர்கள் தனியே தரக்கூடாது. கூடப் படிக்கிற ஒருத்தியிடம் கதையைக் கொடுத்து, அவள் அதற்கு ஒரு பக்கத்தில் சிறப்புப் பாயிரம் எழுத வேண்டும். கதை எதைப் பற்றியது, யார் வாசிக்கத் தக்கது, எந்த இடம் சிறந்தது, எந்த இடம் தளர்ந்தது என்பவை அதில் இருக்க வேண்டும். வெறும் புகழ்ச்சி வேண்டாம். கூடப் படித்தவர் பாயிரம் எழுதலாம் என்று நன்னூலே அனுமதி தந்திருப்பதால் யாரும் தயங்க வேண்டியதில்லை. பாயிரத்தின் கீழே எழுதியவளின் பெயரும், கதையின் கீழே கதாசிரியையின் பெயரும் முழுதாக இருக்க வேண்டும். வீட்டில் ஒருவர் வாசித்துக் கையொப்பமிட்டால் மேலும் நல்லது. வாப்பா, உம்மா, ராத்தா, நானா யாராக இருந்தாலும் சரி. இரண்டாம் தவணை முடிய முன் தமிழ்ப் பிரிவில் ஒப்படைக்கவும்.