கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

கேள்வி: விண்டோஸ் கணினியில் பிழையின்றி இயங்கும் பிஎச்பி வலைத்தளம், லினக்ஸ் சர்வரில் ஏற்றப்பட்டதும் இணைக்க வேண்டிய கோப்பைக் காணவில்லை என எச்சரிப்பது ஏன்? கோப்பு உரிய கோப்புறையிலேயே இருக்கிறது. அனுமதிகளும் சரியாக உள்ளன.

பதில்: இத்தகைய பிழைக்குப் பெரும்பாலும் காரணமாவது, நிரலில் எழுதிய கோப்புப் பெயரும் வட்டில் உள்ள பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்பதில் மட்டும் வேறுபடுவதாகும். தமிழ் எழுத்துகளில் இல்லாத இப்பாகுபாடு கணினிக்கு வெவ்வேறு எண்களாகும். ஆஸ்கி என்னும் எழுத்துக்குறி அட்டவணையில் ஆங்கில முதலெழுத்தின் பெரிய வடிவம் 65, சிறிய வடிவம் 97. லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைமை, அதாவது வட்டில் கோப்புகளையும் அவற்றின் பெயர்களையும் பேணும் அமைப்பு, பெயரை பைட்டுகளின் தொடராகவே ஒப்பிடுவதால், 'ஹெடர்' என்ற பெயரின் முதலெழுத்து பெரியதாயின் ஒரு கோப்பு, சிறியதாயின் மற்றொரு கோப்பு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையோ பெயரை இட்டவாறே சேமித்துவைத்தாலும் தேடும்போது இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆப்பிள் மேக் கணினிகளின் ஏபிஎஃப்எஸ் முறைமையும் இயல்பாக அவ்வாறே நடந்துகொள்கிறது. ஆகவே பிழை சர்வரில் தோன்றுவதன்று. எழுதிய கணினியிலேயே பிறந்து, அதன் தாராளத்தால் மறைந்திருந்ததாகும்.

பிஎச்பி மொழியின் இயல்பு இக்குழப்பத்தை மேலும் வளர்க்கிறது. மாறிகளின் பெயர்களில் எழுத்து வேறுபாட்டைக் கண்டிப்புடன் பார்க்கும் அம்மொழி, கிளாஸ் பெயர்களில் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் கிளாஸின் பெயரைக் கொண்டே அதற்குரிய கோப்பைத் தேடி இணைக்கும் ஆட்டோலோடர், நிரலில் எழுதப்பட்ட எழுத்துகளை மாற்றாமல் கோப்புப் பெயராக்குவதால், சிறிய எழுத்தில் தவறாக எழுதப்பட்ட கிளாஸுக்கு லினக்ஸில் கோப்பு கிடைப்பதில்லை. அதே கிளாஸ் வேறோர் இடத்தில் சரியான பெயரால் முன்னரே ஏற்றப்பட்டிருந்தாலோ தேடல் நிகழாமலே நிரல் ஓடிவிடும். ஒரே வரி ஒரு பக்கத்தில் இயங்கி மற்றொரு பக்கத்தில் முறிவதன் புதிர் இதுதான். இன்க்ளூட் என்னும் கட்டளை கோப்பு இல்லாதபோது எச்சரித்துவிட்டு மேலே செல்வதால், எச்சரிக்கைகள் திரையில் காட்டப்படாத சர்வரில் பக்கத்தின் ஒரு பகுதி ஓசையின்றி விடுபட்டுப்போகும். இன்றியமையாத கோப்புகளுக்கு, அவை கிடைக்காவிடில் நிரலையே நிறுத்திவிடும் ரிக்வயர் கட்டளையே தக்கது.

பெயரைத் திருத்திய பின்னும் பிழை நீங்காதிருப்பதற்கு, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருள் காரணமாகலாம். விண்டோஸிலும் மேக்கிலும் எழுத்து வேறுபாட்டைப் புறக்கணிக்கும் அமைப்பு அதில் இயல்பாகவே இயக்கப்பட்டிருப்பதால், கோப்புறையில் பெரிய எழுத்தைச் சிறியதாக்கும் மாற்றம் பதிவாவதில்லை. சர்வருக்குப் பழைய பெயரே சென்று சேர்கிறது. கிட்டின் எம்வி கட்டளையைக் கொண்டு முதலில் முற்றிலும் வேறான பெயருக்கும் பின்னர் விரும்பிய பெயருக்கும் மாற்றிப் பதிவதே உறுதியான வழி.

சர்வரை எழுத்து வேறுபாடு பாராததாக மாற்றிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு எழுவதுண்டு. லினக்ஸ் கெர்னலின் 5.2 பதிப்பு முதல் எக்ஸ்ட்4 முறைமையில் கோப்புறை வாரியாக அதற்கு வழி இருந்தபோதிலும், அது நோயைக் கண்டறியும் கருவியை உடைப்பதற்கு ஒப்பாகும். சர்வர் மாறினால் பிழை மீளும். கோப்புப் பெயர்கள் அனைத்தையும் சிறிய எழுத்தில் அமைத்து, ஆட்டோலோடர் தேடும் கிளாஸ் கோப்புகளை மட்டும் கிளாஸ் பெயருக்கு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கச் செய்து, சோதனையையும் லினக்ஸிலேயே நடத்துவது நன்று. விண்டோஸுக்குள் இயங்கும் டபிள்யூஎஸ்எல் என்னும் லினக்ஸ் சூழலைப் பயன்படுத்துவோர், நிரல்களை விண்டோஸின் 'சி' வட்டில் வைக்காமல் அச்சூழலின் சொந்தக் கோப்புறையில் வைக்க வேண்டும்; 'சி' வட்டில் உள்ள கோப்புகள் லினக்ஸ் வழியாகத் திறக்கப்பட்டாலும் பொதுவாக விண்டோஸின் விதிக்கே கட்டுப்படும்.