எல்லா வாக்கியத்துக்கும் ‘இஸன்ட் இட்’ ஒட்டாது

நம்பிக்கை: வாக்கியத்தின் கடைசியில் ‘இஸன்ட் இட்’ சேர்த்தால் கொஸ்டின் டேக் ஆகிவிடும்.

உண்மை: தமிழில் ‘இல்லையா’ எந்த வாக்கியத்தின் பின்னாலும் வந்து நிற்கும். அந்தப் பழக்கத்தில்தான் ‘யூ ஆர் கமிங், இஸன்ட் இட்?’ என்று வந்துவிடுகிறது. இதில் நாம் மட்டும் தனியாக இல்லை. லண்டன்காரர்களே பேச்சில் ‘இன்னிட்’ என்று சுருக்கி எல்லாவற்றோடும் ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் பரீட்சைத் தாளில் மார்க் போய்விடும். முன்னால் உள்ள துணைவினையே டேக்கிலும் வரவேண்டும்: ‘யூ ஆர் கமிங், ஆரன்ட் யூ?’ துணைவினை கண்ணில் படாவிட்டால் டூ, டஸ், டிட் கைகொடுக்கும்: ‘ஷீ சிங்ஸ் வெல், டஸன்ட் ஷீ?’

நம்பிக்கை: ‘நாட்’ இருந்தால்தான் எதிர்மறை.

உண்மை: ‘ப்ளஸ்ஸுக்கு மைனஸ், மைனஸுக்கு ப்ளஸ்’, அதாவது நேர்மறை வாக்கியத்துக்கு எதிர்மறை டேக், எதிர்மறைக்கு நேர்மறை டேக் என்ற டியூஷன் சூத்திரம் தப்பில்லை. எது மைனஸ் என்று அடையாளம் காண்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ்’ என்பதில் ‘நாட்’ எங்கும் இல்லை. ஆனால் ஆள் அநேகமாக வாயே திறப்பதில்லை என்றுதானே பொருள்? அதனால் ‘டஸ் ஹி?’ நெவர், செல்டம், நோபடி எல்லாம் இந்த ஜாதிதான். ‘ஃப்யூ பீப்பிள் கேம்’ என்றால் ஆள் அதிகம் வரவில்லை என்ற குறை. டேக் ‘டிட் தே?’ முன்னால் ஓர் ‘எ’ சேர்த்து ‘எ ஃப்யூ பீப்பிள் கேம்’ என்றால் நாலு பேராவது வந்தார்களே என்ற திருப்தி. டேக் ‘டிடன்ட் தே?’ வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்த ஓர் எழுத்து போதும்.

நம்பிக்கை: ‘ஐ ஆம் லேட்’ என்பதற்கு ‘ஆமன்ட் ஐ?’

உண்மை: ‘ஆரன்ட் ஐ?’ என்பதே வழக்கு. காரணம் கேட்டு மல்லுக்கட்டாமல் மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

நம்பிக்கை: டேக் வந்தால் அது கேள்வி.

உண்மை: குரல்தான் அதைத் தீர்மானிக்கிறது. ‘இட்ஸ் ஹாட், இஸன்ட் இட்?’ என்று குரலைத் தாழ்த்தி முடிப்பவருக்குத் தகவல் தேவையில்லை, நீங்கள் தலையாட்டினால் போதும். ‘யூ லாக்ட் த டோர், டிடன்ட் யூ?’ என்று குரல் உயர்ந்தால், அவருக்கு நிஜமாகவே சந்தேகம். சூத்திரத்தை மீறி இரண்டு பக்கமும் ப்ளஸ் வைப்பதும் உண்டு: ‘ஸோ யூ ஆர் த நியூ மேனேஜர், ஆர் யூ?’ இதில் ஆர்வமும் இருக்கலாம், நக்கலும் இருக்கலாம். பரீட்சையில் மட்டும் எழுதிப் பார்க்க வேண்டாம்.