ஃபென்ஸைக் கடைசியில் பூட்டு

அன்புள்ள கயல்,

பேண்ட் சா வந்து இறங்கிவிட்டதாக உன் அம்மா சொன்னாள். 14 அங்குலச் சக்கரம், வார்ப்பிரும்பு மேசை. தேக்குக் கட்டையைப் பிளந்து மெல்லிய பலகை எடுத்துப் பெட்டி செய்ய நினைக்கும் உனக்கு ஏற்ற மெஷின்தான். பெட்டியைப் பிரித்ததும் ஃபென்ஸை மாட்டத் தொடங்கிவிட்டாய், எப்படித் திருப்பினாலும் அது பிளேடுக்கு நேராக நிற்கவில்லை என்று நீ அனுப்பிய குரல்பதிவையும் கேட்டேன். நிற்காதுதான். ஸ்பேனரைக் கொஞ்சம் கீழே வை. ஃபென்ஸ் கடைசியாகப் பூட்ட வேண்டிய சாமான்.

மரம் விலகிப் போகாமல் அணைத்துக் கொடுப்பது மட்டுமே ஃபென்ஸின் வேலை. வெட்டு எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிப்பது பிளேடு. அது கோணலாக ஓடினால், நீ ஃபென்ஸை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் மரம் ஃபென்ஸை விட்டு விலகும். இல்லாவிட்டால் அதோடு நெருக்கிக்கொண்டு நகர மறுக்கும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கு. மேசையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியிருக்கும் மசகைத் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடை. கைடுகள் எல்லாவற்றையும் பிளேடைத் தொடாதபடி பின்னுக்குத் தள்ளிவிட்டு, மேல் சக்கரத்தின் ரப்பர் டயரை விரலால் தடவிப் பார். பெரும்பாலான 14 அங்குல மெஷின்களில் நடுவில் இலேசான மேடு இருக்கும். பிளேடு அந்த மேட்டில் சரியாக உட்கார்ந்தால் நேராக ஓடும். முன்னாலோ பின்னாலோ தள்ளி உட்கார்ந்தால், மேட்டின் சரிவோடு பிளேடின் முகமும் திரும்பிவிடும். நீ பார்த்த கோணல் பெரும்பாலும் இதுதான்.

அமெரிக்காவில் பேண்ட் சா வேலையைச் செய்து காட்டிக் கற்றுக்கொடுக்கும் அலெக்ஸ் ஸ்னாட்கிராஸ் ஒரு வழி சொல்கிறார். பிளேடின் அகலத்தைப் பாதியாக்கி நடுவில் வைக்காதே. பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் அடி, மேல் சக்கரத்தின் நடுவில் வரட்டும் என்கிறார். கால் அங்குல பிளேடானாலும் அரை அங்குல பிளேடானாலும் பற்கள் ஒரே இடத்தில் நிற்கும் என்பது இதிலுள்ள நன்மை. பிளேடை இறுக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பின்பக்கத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பு. பள்ளம் நடுவுக்கு வந்து, பல சுற்றுக்கும் அங்கேயே நின்றால் திருகைப் பூட்டிவிடு.

சுற்றும்போது காதையும் கொடு. சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்டால் பிளேடின் ஒட்டு சரியில்லை என்று அர்த்தம். பேண்ட் சாவின் வரலாறே அந்த ஒட்டில்தான் மாட்டிக்கொண்டு கிடந்தது. லண்டனில் வில்லியம் நியூபெரி 1808-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் சக்கரத்தில் வளைந்து வளைந்து ஓடும் பிளேடின் ஒட்டு தாங்கவில்லை. 1846-ல் பிரான்சில் ஆன் போலின் கிரெப்பின் என்ற பெண்மணி நல்ல ஒட்டுமுறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே இது பட்டறைக்கு வந்தது. ஒட்டின் முதுகில் பிசிறு இருந்தால் சாணைக்கல்லால் மெல்லத் தேய்த்துவிடு.

இனி கைடுகள். பக்கத்துக் கைடுகளைப் பற்களில் படாமல், பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால் நிறுத்து. பிளேடுக்கும் கைடுக்கும் இடையே ஒரு தாள் நுழைகிற இடைவெளி போதும். பின்னால் உள்ள பேரிங்கும் அப்படியே. மரம் தள்ளும்போதுதான் அது சுழல வேண்டும், சும்மா ஓடும்போது சுழலக் கூடாது.

மேசைக்கு வா. மூலைமட்டத்தை வைத்துப் பிளேடு செங்குத்தாக நிற்கிறதா பார். பிறகு ஒரு நீளமான ஸ்டீல் ஸ்கேலைப் பிளேடின் பக்கவாட்டில், பற்களின் சாய்வில் இடிக்காதபடி ஒட்டிவைத்து, மேசையில் ஓடும் காடிக்கு அது இணையாக இருக்கிறதா என்று முன்னும் பின்னும் அள. வித்தியாசம் இருந்தால் மேசைக்கு அடியிலுள்ள போல்ட்டுகளைத் தளர்த்தி மேசையையே திருப்பு. சலிப்பான வேலைதான். ஆனால் இதை முடித்துவிட்டால் காடி, பிளேடு, ஃபென்ஸ் மூன்றும் ஒரே திசையில் நிற்கும்.

இப்போது ஸ்பேனரை எடு. முன் ரெயிலின் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கு. துளைகள் சற்றுப் பெரிதாகவே இருக்கும் என்பதால் ரெயில் மேலும் கீழும் நகரும். மேசையின் மேல்பரப்பிலிருந்து ரெயில் வரை இரண்டு முனைகளிலும் ஒரே அளவு வந்தபிறகு இறுக்கு. பின் ரெயிலும் அப்படித்தான். பிளேடு நுழையும் பிளவின் முனையிலுள்ள பின்னைத் திரும்பச் செருக மறக்காதே. பிளவின் இரு பக்கமும் ஏற்றத்தாழ்வில்லாமல் நிற்பது அதனால்தான்.

ஃபென்ஸை ஏற்றி, காடியின் ஓரத்துக்கு நகர்த்து. மேசைக்கும் அதற்கும் இடையே முன்னும் பின்னும் ஒரு விசிட்டிங் கார்டு சீராக நுழைய வேண்டும். தலையிலுள்ள போல்ட்டுகளைத் தளர்த்தி, காடியின் ஓரத்தோடு ஒன்றாக்கி, மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கு. நெம்புகோலை அழுத்திப் பூட்டும்போது ஃபென்ஸ் ஒரு மயிரிழை நகரும். ஆகவே பூட்டியபின் கிடைக்கும் அளவை மட்டும் நம்பு. அதன் முகம் மேசைக்குச் செங்குத்தாக இல்லையென்றால், குளிர்பான டப்பாவின் தகட்டில் ஒரு துண்டு வெட்டி இடையில் கொடு.

வெட்டிப் பார்க்க 2 அங்குல உயரக் கட்டை ஒன்றை எடு. மேல் கைடு மரத்துக்குக் கால் அங்குல உயரத்தில் இருக்கட்டும். கையுறை வேண்டாம், துப்பட்டாவும் தொங்கும் கூந்தலும் வேண்டாம், கடைசி நான்கு விரற்கடைக்குத் தள்ளுகட்டை. அவசரப்பட்டுத் தள்ளாதே. அரை அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 3 பல் உள்ள பிளேடு தேக்கைத் தன் வேகத்திலேயே தின்றுகொண்டு போகும். பல் நெருக்கமாக இருந்தால் தூள் வெளியேற வழியின்றிப் பிளேடு வளையும்.

அப்படியும் வெட்டு ஒரு பக்கம் ஓடினால், பிளேடின் இழுப்பு போதுமா, ஒரு பக்கப் பற்கள் மட்டும் மழுங்கியிருக்கின்றனவா என்று பார். பழைய தச்சர்கள் பலர் வேறு வழி சொல்வார்கள்: ஃபென்ஸ் இல்லாமல் ஒரு கோட்டின்மேல் பாதிவரை கையால் வெட்டு, மரத்தை அசைக்காமல் மெஷினை நிறுத்து, மரத்தின் ஓரத்தை மேசையில் பென்சிலால் குறித்து, அந்தக் கோணத்துக்கு ஃபென்ஸைத் திருப்பு. அது வேலை செய்யும். எனக்கு அதில் விருப்பமில்லை. பிளேடின் குறையை ஃபென்ஸில் ஏற்றினால், அடுத்த பிளேடு மாட்டும்போது மறுபடியும் எல்லாவற்றையும் திருப்ப வேண்டியிருக்கும். இரண்டு புதிய பிளேடுகளில் பார்த்தும் கோணல் மாறவில்லை என்றால் மட்டும் அதைச் செய்.

ரெயிலிலுள்ள அளவுகோலின் முள்ளை, வெட்டிய பலகையை ஸ்கேலில் அளந்த பிறகே நகர்த்தி ஒட்டு. முதல் வாரம் ஓட்டியபின் ரெயில் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை முடுக்கிவிடு. அதிர்வில் அவை இளகும்.

அன்புடன்,
மாமா