மணமான பின் எந்தப் பெயர்?

மணமான பெண் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் வற்புறுத்தவில்லை. எனினும், திருமணத்திற்குப் பின் நம் கிளைகளுக்கு வரும் பெண்களுள் பலர், கணக்கில் பெயரை மாற்றுவது கட்டாயம் என்றே எண்ணி வருகின்றனர். வழக்கத்தின் வலிமை அத்தகையது.

அவ்வழக்கமும் நாடெங்கும் ஒன்றாக இல்லை. மராட்டியத்தில் மணமகள் கணவரின் பெயரையும் குடும்பப் பெயரையும் ஏற்பாள். சில குடும்பங்களில் அவளுடைய சொந்தப் பெயரே மாறும். தட்டில் பரப்பிய அரிசியில் மணமகன் அப்புதுப்பெயரை எழுதுவது அங்கே ஒரு சடங்கு. மேகாலயத்தின் காசி மக்களிடையே நிலைமை நேர்மாறானது: குலப்பெயர் தாய்வழியே வருகிறது, பிள்ளைகளும் தாயின் குலப்பெயரையே தாங்குகின்றனர். தமிழகத்தில் தந்தை பெயரின் தலைப்பெழுத்து நீங்கிக் கணவர் பெயரின் தலைப்பெழுத்து இடம்பெறும். ஓரெழுத்துத்தானே என்று நாம் எண்ணலாம். கணினியோ இருவர் என்று எண்ணிவிடுகிறது!

முற்காலத்தில் இம்மாற்றத்தால் பெண்ணுக்கு அலைச்சல் மிகுதியாக இருந்ததில்லை. அவள் பெயரில் அதுவரை ஆவணம் எதுவும் இல்லாததே காரணம். இன்றோ பட்டச் சான்றிதழ், நிரந்தரக் கணக்கு எண், ஆதார், கடவுச்சீட்டு, வைப்புநிதி ஆகியவற்றோடு மணமேடைக்கு வருகிறாள். பிறந்த வீட்டுப் பெயரையே தொடரப் பலர் விரும்புவதற்கு, தன்மதிப்போடு இந்த நடைமுறைக் காரணமும் உண்டு. எப்பெயர் வேண்டும் என்பது அவர் முடிவு. கணவரோ மாமனாரோ வங்கியோ முடிவு செய்வதற்குரியதன்று.

மாற்ற விரும்புவோர்க்கும் வழி எளிதே. ஆவணம் பழைய பெயரில் இருந்தாலும், பெயர் மாற்றத்தைக் காட்டும் திருமணச் சான்றிதழையோ அரசிதழ் அறிவிக்கையையோ உடன் அளித்தால், அதை ஏற்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடமளிக்கின்றன. திருமணச் சான்றிதழ் மாநில அரசு வழங்கியதாக இருத்தல் வேண்டும். பெயர் மாறினாலும் நிரந்தரக் கணக்கு எண் மாறாது. புதிய எண்ணுக்கு விண்ணப்பிப்பது தவறு. ஆதாரிலும் நிரந்தரக் கணக்கு அட்டையிலும் ஒரே பெயரைப் பதிந்த பின்னர் வங்கிக் கணக்கை மாற்றினால் அலைச்சல் குறையும்.

பலர் மறப்பது நியமனத்தை. மகளின் திருமணத்திற்கு முன் தந்தை தம் வைப்புநிதிக்கு அவளை நியமித்திருப்பார். படிவத்தில் பழைய பெயரே இருக்கும். தந்தைக்குப் பின் அத்தொகையைக் கோரி வரும் மகளின் ஆவணங்களில் வேறு பெயர் இருந்தால், இருவரும் ஒருவரே என்று அத்துயர வேளையில் அவள் மெய்ப்பிக்க வேண்டிவரும். மகள் பெயரை மாற்றிக்கொண்டிருந்தால், தந்தை கிளைக்கு வந்து நியமனப் படிவத்தைப் புதுப்பிக்கச் சில நிமிடங்களே ஆகும்.